தண்ணீர் வரும் நாளில் பெய்த மழை

"மேடம், அன்னைக்கு எங்க தெருவுல மழையே பெய்யலையாமே? உங்க கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுதாம்."

தொம்மலூர் ஆபீசில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது இந்த போன் வந்தது. பேசியது பொம்மனஹள்ளியில் இருக்கும் ஒரு தையல்கார அக்கா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்குக் கோபப்படுவதில் நான் கெட்டிக்காரி. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் பல வீட்டு மொட்டைமாடிகளில் எங்கள் மழைமானிகள் நிற்கின்றன. மேலே ஒரு புனல், உள்ளே தராசு போல இரண்டு சின்னக் கிண்ணங்கள். மழைநீரால் ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், அடுத்தது நிறையத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வும் ஓர் எண்ணாக எங்களுக்கு வந்து சேரும். அந்த எண்களில் எது நிஜ மழை, எது பொய் மழை என்று பிரிப்பது பரிசோதகரான என் பொறுப்பு. புனலில் காக்கா வந்து குதித்தாலும், பக்கத்தில் யாராவது கம்பளி உதறினாலும் பொய் எண் வரும்.

பிரித்தெடுத்த எண்கள் இரண்டு இடங்களுக்குப் போகும். மழை ஓர் அளவைத் தாண்டினால், பள்ளமான தெருக்களில் இருப்பவர்களின் செல்போனுக்கு 'பொருட்களை மேலே ஏற்றுங்கள்' என்று மெசேஜ் போகும். இன்னொரு பக்கம், எல்லாம் நிரந்தரப் பதிவேட்டில் ஏறும். ஊரின் மழை எப்படி மாறுகிறது, பல நாள் மழை ஒரே சாயங்காலத்தில் வந்து கொட்டுவது அதிகமாகிறதா என்று பின்னால் யார் பார்த்தாலும் அந்தப் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள்.

தையல்கார அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் மாடியில் எங்கள் மழைமானி ஒன்று இருக்கிறது. வாரம் ஒருமுறை புனலைத் துடைத்துவைப்பது அவர்தான். அவர் வீடு கீழ்த்தளத்தில். தெருவின் பின்பக்கம் ராஜகாலுவே, அதாவது ஊரின் மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோகும் பெரிய வாய்க்கால், ஓடுகிறது. அதன் சுவர் ஓரிடத்தில் இடிந்து தாழ்ந்து கிடந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், அக்டோபரில் ஒரு சாயங்காலம், அந்த இடிந்த இடத்தின் வழியாகத் தண்ணீர் தெருவுக்குள் வந்திருக்கிறது. அவர் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. தெருக்காரர்கள் சுவரைக் கட்டித் தரச் சொல்லி வார்டு ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். எஞ்சினியர் எங்கள் பதிவேட்டைத் திறந்து அந்தத் தேதியைத் தேடிப் பார்த்திருக்கிறார். "ஆ தின மளேனே பந்தில்லம்மா" என்று கையை விரித்துவிட்டாராம். அன்றைக்கு மழையே வரவில்லை என்று அர்த்தம். மழை வராமல் தண்ணீர் வந்தது என்றால் நீங்கள் குப்பை போட்டு வாய்க்காலை அடைத்திருக்கிறீர்கள். குப்பையை எடுக்க ஆள் அனுப்புகிறேன், சுவருக்கு வழியில்லை என்றும் சொன்னாராம். அடுத்த கோடை மழைக்குள் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை வருகிற திங்கட்கிழமை முடிவு செய்கிறார்கள். அதில் இந்தச் சுவர் ஏறாவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"அப்படின்னா என் வீட்டுக்குள்ள வந்தது எந்தத் தண்ணி மேடம்?"

"எங்க டேட்டா தப்பா இருக்காதுக்கா. நீங்க தேதியை மாத்திச் சொல்றீங்க" என்றேன், யோசிக்காமல்.

"ஸ்கூல் யூனிஃபார்ம் துணி அத்தனையும் நனைஞ்ச தேதி எனக்கு மறந்துடுமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பார்த்தேன். அந்தச் சாயங்காலம் முழுக்க பூஜ்யம். அடுத்திருக்கும் மூன்று மழைமானிகளிலும் ஒரு துளிகூட இல்லை. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. பிறகு சும்மா இருக்காமல், பிரிப்பதற்கு முன்னால் வந்து சேர்ந்த மூல எண்களைத் திறந்தேன். அதில் பூஜ்யம் இல்லை. நாலே முக்காலிலிருந்து கிண்ணங்கள் மூச்சுவிடாமல் சாய்ந்திருந்தன. அந்த எண்களைப் பூஜ்யமாக மாற்றியது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்தக் கதை ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. அந்த மழைமானி வைத்த புதிதில், வானம் வெளுத்துக் கிடக்கும் நாளிலும் சாயங்காலமானால் மழை என்று சொல்லும். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். கருவியைப் பொருத்தியவர்களிடம் சண்டை போட்டேன். அப்புறம் நானே நேரில் போனேன். மாடியில் ஏறி நின்ற பத்தாவது நிமிடம் என் தலையிலேயே மழை பெய்தது.

அந்தத் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு மணியிலிருந்து ஏழு மணிக்குள் வரும். தொட்டி நிறைந்ததும் மோட்டார் போட்டு மாடியில் இருக்கும் டேங்குக்கு ஏற்றுவார்கள். கீழே தையல்கார அக்காவின் இரண்டு மெஷினும் ஓடுகிற சத்தத்தில், டேங்க் நிரம்பி வழிவது அவர் காதில் விழாது. வழிகிற தண்ணீர் பைப்பிலிருந்து தெறித்து நேராக எங்கள் புனலில் விழும்.

நான் ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்தவள். தண்ணீர் வருகிற நாளை வைத்துத்தான் எங்கள் வீட்டில் துணி துவைப்பதும் விருந்தாளியைக் கூப்பிடுவதும் முடிவாகும். காரணம் தெரிந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மழைமானியை நகர்த்தலாம், ஆனால் இடத்தை மாற்றினால் பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒப்பிடுவது சிக்கல். அதனால் ஆபீசுக்கு வந்து நாலே வரியில் ஒரு விதி எழுதினேன். தண்ணீர் வரும் நாளில், தண்ணீர் வரும் நேரத்தில், பக்கத்து மழைமானிகள் காய்ந்திருந்தால், இந்த மழைமானி சொல்வது மழை இல்லை. அவ்வளவுதான். பெங்களூரில் குடம் பிடித்து வளர்ந்தவளுக்குத்தான் இப்படி ஒரு விதி தோன்றும் என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே விதியை இன்னும் சில மழைமானிகளுக்கும் போட்டுவிட்டேன்.

அதிலும் ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தேன். சந்தேகமான எண்ணை எடுத்தால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். காலி என்றால் 'எங்களுக்குத் தெரியாது' என்று பொருள். காலி அதிகமானால் மாத அறிக்கையில் அந்த மழைமானிக்குச் சிவப்புக் குறி விழும். என் அறிக்கையில் சிவப்புக் குறி விழுவது எனக்குப் பிடிக்காது. அதனால் காலியாக விடாமல் பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் என்றால் 'பார்த்தோம், மழை இல்லை' என்று பொருள். நான் பார்க்கவே இல்லை.

பெங்களூர் மழை இப்போதெல்லாம் ஒரு தெருவில் கொட்டிவிட்டு அடுத்த தெருவில் வெயில் காட்டும். அதைத்தானே நாங்கள் பதிவு செய்துகொண்டிருக்கிறோம்! அதைத் தெரிந்தவளே, பக்கத்தில் காய்ந்திருந்தால் இங்கே மழை இல்லை என்று எழுதிவைத்திருந்தேன். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

எங்கள் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் நிதானமான மனிதர், அந்த நிதானமே எனக்கு எரிச்சல் மூட்டும். "சரி, மழையாக இருக்கலாம். டேங்க் தண்ணீர் இல்லை என்று எப்படி நிரூபிப்பாய்? ஏற்கெனவே பொய் சொன்ன மழைமானி. பக்கத்து மூன்றும் இல்லை என்கின்றன. வேறு சாட்சி இருந்தால் திருத்து" என்றார். சண்டை போட வாயைத் திறந்தேன், ஆனால் அவர் கேட்டது நியாயம். அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் பொம்மனஹள்ளிக்கு பஸ் ஏறினேன்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் ஈர வாசனை. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கறை. அதற்குள்ளே, துணியில் கோடு போடுகிற நீலச் சாக்குக்கட்டியால் மூன்று கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நேரம் எழுதியிருந்தது. ஐந்தே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால். தண்ணீர் ஏற ஏற, துணி வெட்டும் மேஜை மேல் உட்கார்ந்தபடி குனிந்து கோடு போட்டிருக்கிறார்.

"துணியை ஏன்க்கா முன்னாடியே மேல ஏத்தலை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மெசேஜ் வரும்னு இருந்தேன் மேடம். போன வருஷம் ரெண்டு தடவை வந்துச்சே. கரெக்டா அரை மணி முன்னாடி. இந்தத் தடவை சத்தம் பலமாத்தான் இருந்துச்சு, ஆனா மெசேஜ் வரலை, அப்போ அவ்ளோ பெரிய மழை இல்லைன்னு கால் மெஷின்ல தெச்சிக்கிட்டே இருந்துட்டேன். வீட்டுக்காரரும் ஷிஃப்டுக்குப் போயிருந்தாரு. அப்புறம் கால்ல ஜில்லுன்னு இருந்துச்சு."

ஜன்னல் பக்கம் ஒரு மெஷின் ஓரங்கட்டிக் கிடந்தது. அதன் மோட்டாருக்குள் சேறு போயிருந்தது. என் எண்களை நம்பியதால்தான் அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் தையலை விட்டுவிட்டு என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், விதியையும், பூஜ்யத்தையும், சிவப்புக் குறியையும்.

அவர் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அப்போ தண்ணி வர்ற நாள்ல மழை பெய்யக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"ஆமாக்கா."

"மழைக்கு அது தெரியாதே மேடம்."

அன்று டேங்க் வழிந்ததா என்று மட்டும் கேட்டேன். அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"எப்படி வழியும்? மொத இடியிலயே கரண்டு போயிடுச்சு. மறுநாள் காலையிலதான் வந்துச்சு. மோட்டாரே போடலை."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் அலமாரியிலிருந்து ஓர் அளவு நோட்டை எடுத்தார். யாரோ ஒருவரின் ஜாக்கெட் அளவுக்கும் இன்னொருவரின் சுடிதார் அளவுக்கும் நடுவில் அந்தத் தேதி இருந்தது. பக்கத்தில் 'டிரம் தண்ணி மூணே கால்' என்று எழுதியிருந்தது.

அரிசி டிரம்மைக் கழுவி, மதியம் வெயிலில் மாடியில் காயவைத்திருக்கிறார், டேங்குக்கு எதிர்மூலையில். மழையில் அதை எடுக்க மறந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் உள்ளே தண்ணீர். கொட்டுவதற்கு முன்னால், கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து உள்ளே விட்டு அளந்திருக்கிறார்.

"எதுக்குக்கா அளந்தீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, அந்த டப்பாவைப் பாக்க வந்தன்னைக்கு? நேரா இருக்கற பாத்திரம் எதுவா இருந்தாலும் சரி, தண்ணி நிக்கிற உயரம்தான் மழைன்னு. டப்பாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு, மெசேஜ் அனுப்பலை, மேடம் வந்தா காட்டி நாலு வார்த்தை கேக்கணும்னு அளந்து வெச்சேன். நீங்க வரவே இல்லை."

நான் மாடிக்கு ஓடினேன். டிரம்மின் வாய் அகலத்தையும் அடி அகலத்தையும் அளந்தேன், இரண்டும் ஒன்று. இஞ்சை மில்லிமீட்டராக்கி, செல்போனில் இருந்த மூல எண்களின் கூட்டுத்தொகையோடு வைத்துப் பார்த்தேன். எங்கள் மழைமானி டிரம்மைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தது. கொட்டுகிற மழையில் கிண்ணங்கள் சாய்வதற்குள் கொஞ்சம் தண்ணீர் கணக்கில் விழாமல் போகும், அது எங்களுக்குப் பழக்கமான குறைதான். அந்தக் குறையைச் சேர்த்தால் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. மாடியில் தனியாக நின்று கைதட்டினேன். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று மதியமே மேலதிகாரிக்கு போன் செய்தேன். கரண்ட் இல்லாத நேரம், டிரம்மின் அளவு, சாக்குக்கட்டிக் கோடுகள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திருத்து. குறிப்பும் எழுது. யார் தப்பு என்பதையும் எழுது" என்றார். பதிவேட்டில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே காரணம் எழுதும் இடம் உண்டு. 'கருவிக் கோளாறு' என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. பாவம், அந்தக் கருவி ஒரு தப்பும் செய்யவில்லை. 'பரிசோதகர் எழுதிய விதி, நிஜ மழையை நீக்கிப் பூஜ்யம் இட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை வார்டு ஆபீசுக்குப் போனபோது தையல்கார அக்கா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார், மடியில் அரிசி டிரம்மோடு. ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்.

"இதை ஏன்க்கா தூக்கிட்டு வந்தீங்க? நோட்டு போதுமே."

"நோட்டுல யாரு வேணும்னாலும் எழுதலாம் மேடம். பாத்திரத்தைப் பாக்கட்டும்."

எஞ்சினியரைத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். நேரில் பார்த்தால் தூக்கம் கெட்ட கண்களோடு ஒரு மனிதர், மேஜை நிறையக் கோப்புகள். நான் கன்னடத்தில் பேசினேன். அன்றைக்கு மழை பெய்தது, அதைப் பூஜ்யமாக்கியது நான், தெருக்காரர்கள் சொன்னது முழுக்க உண்மை என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் கொடுக்கிற எண்ணை வைத்துத்தான் ஒரு தெருவுக்குச் சரி என்கிறேன், இன்னொரு தெருவுக்கு இல்லை என்கிறேன், அதையே நீங்கள் மாற்றினால் நான் எதை நம்புவது என்று கேட்டார். சரியான கேள்விதான். நான் விளக்கம் சொல்லத் தொடங்கியபோது அக்கா எழுந்து டிரம்மை அவர் மேஜை மேல், கோப்புகளுக்கு நடுவில் வைத்தார். இஞ்சு டேப்பை நீட்டினார். "நீவே அளெது நோடி சார்" என்றார், நீங்களே அளந்து பாருங்கள் என்று.

எஞ்சினியர் தன் இழுப்பறையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். வாயை அளந்தார், அடியை அளந்தார், உள்ளே கைவிட்டுத் தட்டியும் பார்த்தார். பிறகு திருத்திய பதிவேட்டை அச்சடித்துத் தரச் சொல்லி, என் குறிப்பை இரண்டு தடவை படித்தார். பட்டியலை எடுத்து, அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தார். எத்தனை அடி சுவர் இடிந்திருக்கிறது என்று அக்காவிடம் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அதையும் அவர் டேப்பால் அளந்தே வைத்திருந்தார்.

மற்ற மழைமானிகளையும் நான் விடவில்லை. அந்த விதியை எல்லா இடத்திலும் நீக்கினேன், அது தொட்ட ஒவ்வொரு பூஜ்யத்தையும் தோண்டி எடுத்தேன். பெரும்பாலும் டேங்க் தண்ணீர்தான், கடிகாரம் போல ஒரே சீராகச் சாய்ந்திருக்கும். இரண்டு இடங்களில் மட்டும் நிஜ மழை ஒளிந்திருந்தது, இரண்டுமே பலத்த மழை. சாட்சி கிடைத்ததைத் திருத்தினேன், கிடைக்காததைக் காலியாக விட்டேன். பலத்த மழை நாட்கள் வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நான் தப்பாக அழித்தவை எல்லாம் அந்த வகை. அதையும் குறிப்பில் எழுதினேன். அந்த மாத அறிக்கையில் சிவப்புக் குறி வரிசையாக விழுந்தது. பார்க்கப் பார்க்கப் பழகிவிட்டது.

பொம்மனஹள்ளியில் டேங்க் வழியும் பைப்புக்கு ஒரு வளைவு மூட்டு வைத்து, இரண்டு அடி பிளாஸ்டிக் குழாயை மாட்டி, தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார் அக்கா. பத்து நிமிட வேலை. நான் அதற்குத்தான் விதி எழுதிப் பாராட்டு வாங்கியிருந்தேன். பிப்ரவரியில் சுவர் வேலை தொடங்கியது, ஏப்ரலில் முடிந்தது.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம். தொம்மலூரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் பொம்மனஹள்ளியின் எண் அசைந்தது. பக்கத்து மூன்றும் அசையவில்லை. நாட்காட்டியைப் பார்த்தேன், அங்கே தண்ணீர் வரும் நாள். எண் ஏறியது, எல்லையைத் தாண்டியது, மெசேஜ் போனதற்கான பச்சை விளக்கு எரிந்தது. நான் போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. அந்தப் பக்கம் தகரத்தில் கொட்டுகிற சத்தம். அதற்கு மேலே குரலை உயர்த்தித்தான் அவர் பேச வேண்டியிருந்தது.

"மெசேஜ் வந்துச்சு மேடம். துணி எல்லாம் மேல ஏத்திட்டேன். மெஷினையும் தூக்கிட்டோம்."

"தண்ணி உள்ள வருதாக்கா?"

"இல்லை. காலுவேயில முட்டிக்கிட்டுப் போகுது, சுவரு நிக்குது. வாசல் காஞ்சுதான் இருக்கு. டிரம்மை மாடியில வெச்சிட்டேன். மழை பெய்யுது மேடம். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.